காம்போசிஷனா, ரெகுலரா? சிறு பட்டறைக்கு எந்த ஜிஎஸ்டி முறை பொருந்தும்

ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாயைத் தாண்டாத உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் ஜிஎஸ்டியில் இரண்டு வழிகள் உண்டு. காம்போசிஷனில் மொத்த விற்பனையில் 1 சதவீதத்தை நாமே கட்டிவிட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ள முடியாது. ரெகுலரில் பொருளுக்குரிய வரியை வாடிக்கையாளரிடம் வாங்கி, நாம் கொள்முதலில் கட்டியதைக் கழித்து (இந்தக் கழிவைத்தான் கிரெடிட் என்கிறோம்), மீதியை அரசுக்குக் கட்டுகிறோம்.

கடலூர் பக்கம் ஸ்டீல் பீரோ, கட்டில், ரேக் செய்யும் எங்கள் பட்டறை பல ஆண்டுகள் காம்போசிஷனில் இருந்தது. அப்போது வாங்க வந்தவர்கள் அனைவரும் வீட்டுக்காரர்கள். பிறகு ஷோரூம்களும் கடைகளும் ஆர்டர் கொடுக்கத் தொடங்கியதால் ரெகுலருக்கு மாறினோம். எனவே என் சாய்வு ரெகுலர் பக்கம்தான். அதற்கான கணக்கைக் கீழே முழுவதுமாக வைக்கிறேன். உங்கள் தொழிலின் எண்களைப் போட்டுப் பார்த்தால் விடை மாறக்கூடும்.

எல்லோரும் முதலில் பேசுவது ரிட்டர்ன் வேலையைப் பற்றி. காம்போசிஷனில் காலாண்டுக்கு ஒரு சிஎம்பி-08 (வரி கட்டும் படிவம்), ஆண்டுக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4 (ஆண்டுக் கணக்கு), அவ்வளவுதான். ரெகுலரில் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில்களின் பட்டியல்), ஜிஎஸ்டிஆர்-3பி (வரிக் கணக்கு) என்று மாதத்துக்கு இரண்டு. விற்பனை 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வசதி உண்டு, ஆனால் பணத்தை மாதாமாதம் கட்ட வேண்டும். ஆடிட்டர் கட்டணம் கூடும். தாமதமானால் ஜிஎஸ்டிஆர்-3பிக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இதிலெல்லாம் காம்போசிஷன்தான் சுலபம். ஆனால் இதை வைத்து மட்டும் முடிவெடுப்பவர்கள், பெரிய தொகை எங்கே போகிறது என்பதைப் பார்க்காமல் விடுகிறார்கள்.

அந்தத் தொகையைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்வி: உங்களிடம் வாங்குபவர், உங்கள் பில்லில் உள்ள வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடியவரா?

ஒரு பீரோவை எடுத்துக்கொள்வோம். தகடு, பூட்டு, கைப்பிடி, கீல், கண்ணாடி, பெயின்ட் எல்லாம் சேர்ந்து வரிக்கு முன் 10,000 ரூபாய் என்று வையுங்கள். இவை அனைத்துக்கும் 18 சதவீதம். ஆக 1,800 ரூபாய் வரி. கூலி, வாடகை, லாபம் சேர்த்து 6,000 ரூபாய். ரெகுலரில் இந்தப் பீரோவின் விலை 16,000. அதன்மேல் 18 சதவீதமாக 2,880. பில் தொகை 18,880. காம்போசிஷனில் அந்த 1,800 ரூபாய் திரும்பி வராது, அடக்கத்தில் ஏறிவிடும். அதே லாபம் வேண்டுமென்றால், 1 சதவீத வரியையும் சேர்த்து, ஏறக்குறைய 17,980 ரூபாய்க்கு விற்க வேண்டும்.

மகள் கல்யாணத்துக்குப் பீரோ வாங்க வரும் குடும்பத்துக்கு 17,980தான் மலிவு, 900 ரூபாய் மிச்சம். அவர்களுக்கு வரியைக் கழிக்க வழியில்லை. கையை விட்டுப் போவது எவ்வளவு என்பதே கணக்கு. பக்கத்துப் பட்டறைக்காரர் 18,880க்கு விற்றால், நாமும் அதை ஒட்டியே விற்று அந்த 900இல் ஒரு பகுதியை லாபமாக வைத்துக்கொள்ளலாம். காம்போசிஷனின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

அதே பீரோவை ஒரு ஷோரூம் வாங்கினால் கணக்கு தலைகீழாகிறது. ரெகுலர் பில்லில் அவர் 18,880 கொடுக்கிறார், 2,880ஐத் தன் வரியில் கழித்துக்கொள்கிறார். அவருக்கு அடக்கம் 16,000. காம்போசிஷன் பில்லில் 17,980 முழுவதும் அடக்கம். ஒரு பீரோவுக்கு 1,980 ரூபாய் அதிகம்.

அந்த வித்தியாசத்தை அவர் ஏற்கமாட்டார். முதல்முறை எங்களிடம் சரக்கெடுத்த ஒரு ஷோரூம் உரிமையாளர் பில்லைக் கையில் வாங்கியதும் தொகையைப் பார்க்கவில்லை, தலைப்பைப் பார்த்தார். காம்போசிஷனில் இருப்பவர் வரிப் பில் போடக் கூடாது, ‘பில் ஆஃப் சப்ளை’தான் போட வேண்டும். வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகமும் அதன் தலையில் இருக்க வேண்டும். “அண்ணே, வேலை சுத்தமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பில்லில் எனக்குக் கிரெடிட் வராதே. அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக்கொடுங்கள்” என்றார். அவர் கேட்டது நியாயம். குறைத்தால் அந்த 1,980 எங்கள் 6,000 ரூபாயிலிருந்துதான் போக வேண்டும். கூலியும் வாடகையும் குறையாது என்பதால் லாபம்தான் காலியாகும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பத்துப் பீரோவில் ஏழு வீடுகளுக்கும் மூன்று கடைகளுக்கும் போனால், காம்போசிஷனில் வரும் ஆதாயம் 6,300, இழப்பு 5,940, ஏறக்குறைய சமம். நான்கு கடைகளுக்குப் போனால் ஆதாயம் 5,400, இழப்பு 7,920. எங்கள் வகைத் தொழிலில் விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிரெடிட் எடுக்கக்கூடியவர்களுக்குப் போகத் தொடங்கினால் ரெகுலர்தான் லாபம். கூலி அதிகமும் மூலப்பொருள் குறைவுமான தொழிலில் இந்த எல்லை மேலே போகும். அங்கே காம்போசிஷன் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இதில் ஒரு நுணுக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஜிஎஸ்டி எண் வைத்திருக்கும் எல்லோரும் கிரெடிட் எடுக்கக்கூடியவர்கள் அல்லர். பள்ளிக்கூடம் மாணவர்களுக்குத் தரும் கல்விக்கு வரிவிலக்கு இருப்பதால், அது வாங்கும் அலமாரிக்குக் கட்டிய வரியைக் கழிக்க இடமில்லை. மருத்துவச் சேவைக்கும் அப்படியே. வங்கிகள் விரும்பினால் பாதிக் கிரெடிட் மட்டும் எடுக்கும் முறையைப் பின்பற்றலாம். காம்போசிஷனில் இருக்கும் மளிகைக் கடைக்காரர் ரேக் வாங்கினால் அவருக்கும் கிரெடிட் இல்லை. ஆக, கணக்கின்படி ஒரு பள்ளிக்குக் காம்போசிஷன் பீரோதான் மலிவு. நடைமுறையில் அவர்களுடைய கணக்காளர் வரிப் பில்தான் வேண்டும் என்பார். விலைப்புள்ளி கேட்கும் தாளிலேயே அந்த நிபந்தனை இருக்கும். கணக்கைச் சொல்லிப் புரியவைத்து ஆர்டர் வாங்குவதும் நடக்கிறது, நடக்காமலும் போகிறது.

எல்லைப் பகுதியில் தொழில் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது, வாங்கலாம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. சொந்தபந்தம், கல்யாணம், சந்தை எல்லாம் அங்கும் இங்குமாக இருக்கிறது. ஆனால் வரிச் சட்டத்துக்கு அது வேறு எல்லை. நாகப்பட்டினத்துக்காரருக்குக் காரைக்காலும் ஓசூர்க்காரருக்குப் பெங்களூரும் இப்படித்தான். பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆர்டரை விட்டுவிட்டு அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆர்டரைத் தேடிப் போகவைக்கிறது இந்த விதி. சிறு தொழிலுக்குச் சலுகை தருவதாகச் சொல்லும் ஒரு முறை அதன் சந்தையையே கோடு போட்டு அடைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மின்வணிகத் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் சரக்கு விற்க 2023 அக்டோபர் முதல் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதையும் மாநில எல்லையோடு நிறுத்திவிட்டார்கள்.

சலுகையே இல்லை என்று சொல்லவில்லை. தொடக்கத்தில் 75 லட்சமாக இருந்த வரம்பு 2019 ஏப்ரலில் 1.5 கோடியாக உயர்ந்துவிட்டது. உற்பத்தியாளருக்கு 2 சதவீதமாக இருந்தது 2018 ஜனவரி முதல் 1 சதவீதமாகக் குறைந்தது.

இதற்கிடையே 2025 செப்டம்பர் 22 முதல் அமலான வரிக் குறைப்பு இந்த ஒப்பீட்டையே சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறது. சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் போன்றவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே விற்கும் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு காம்போசிஷன் எடுக்கலாம் என்பது பழைய கணக்கு. இப்போது 100 ரூபாய்ச் சரக்கை 5 ரூபாய் வரியோடு வாங்கி, 12 ரூபாய் லாபம் வைப்பவரைப் பாருங்கள். ரெகுலரில் அவர் விலை 112, வரி 5.60, மொத்தம் 117.60. காம்போசிஷனில் அடக்கம் 105, லாபம் 12, அதோடு 1 சதவீதம், 118.18 ஆகிறது. வீட்டுக்காரருக்கே காம்போசிஷன் கடைதான் விலை கூடுதல்! 5 சதவீதப் பொருளில், வரிக்கு முந்தைய விற்பனை விலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் லாபமும் செலவும் சேர்ந்து நின்றால்தான் காம்போசிஷன் கட்டுப்படியாகும். 18 சதவீதப் பொருளில் ஏழு சதவீதம் நின்றாலே போதும். மளிகைக் கடையில் எத்தனை பொருளில் ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது என்பதைக் கடைக்காரர்களே சொல்லட்டும். அரசு ஒரு பொருளின் வரியைக் குறைத்தால், அந்தப் பொருளை விற்பவர் தன் முறையையும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆடிட்டர்கள் தாமாக வந்து இதைச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

ரெகுலரின் வலிகளையும் சொல்லியாக வேண்டும். முதல் வலி, நமக்குச் சரக்கு விற்றவரின் ஒழுங்கு. அவர் தன் ஜிஎஸ்டிஆர்-1இல் நம் பில்லை ஏற்றினால்தான் மாதந்தோறும் 14ஆம் தேதி வரும் 2பி என்ற நம் கிரெடிட் பட்டியலில் அது தெரியும், தெரிந்தால்தான் கிரெடிட். நாம் பணமும் வரியும் கொடுத்தாயிற்று என்பது செல்லாது. தகடு வாங்கும் இடத்தில் விலை ஐம்பது ரூபாய் குறைகிறதா என்று பார்ப்பதைவிட, அவர் ஒழுங்காகத் தாக்கல் செய்பவரா என்று பார்ப்பது முக்கியமாகிவிட்டது. இதே கண்ணோடுதான் நம்மிடம் வாங்குபவரும் நம்மைப் பார்க்கிறார். காலாண்டு முறையில் இருப்பவர்கள் முதல் இரண்டு மாத பில்களை அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப் வசதியில் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஷோரூம்காரருக்குக் கிரெடிட் இரண்டு மாதம்வரை தள்ளிப்போகும், அடுத்த ஆர்டரும் தள்ளிப்போகும்.

இரண்டாவது வலி கைமுதல். ஷோரூம்களுக்கு அறுபது நாள் கடனில் சரக்கு போகிறது. வரியோ பில் தேதியை வைத்துக் கணக்காகிறது. 2 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 36,000 வரி. கொள்முதல் கிரெடிட் போக மீதியை, கடைக்காரர் ஒரு ரூபாய் தருவதற்கு முன்பே நாம் கட்டியிருப்போம். 180 நாட்களுக்குள் பணம் தராவிட்டால் அவர் எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதி நமக்கு ஒரு பிடிமானம்தான். ஆனால் ஆறு மாதம் நீண்ட காலம். கைமுதல் இல்லாமல், கடன் விற்பனையை மட்டும் நம்பி ரெகுலருக்கு வருவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இயந்திரம் வாங்கப்போகிறவர்களுக்கு ரெகுலர் பக்கம் இன்னொரு காரணம். 5 லட்சம் ரூபாய் வெட்டும் இயந்திரத்துக்கு வரி 90,000. ரெகுலரில் அது கிரெடிட். காம்போசிஷனில் வாங்கிவிட்டுப் பிறகு மாறினால், பில் தேதியிலிருந்து காலாண்டுக்கு 5 சதவீதப் புள்ளி வீதம் குறைத்துத்தான் தருவார்கள். எனவே மாறுவதாக இருந்தால் மாறிவிட்டு வாங்குங்கள். கையிருப்புத் தகடுக்கும் கிரெடிட் உண்டு. மாறிய 30 நாட்களுக்குள் ஐடிசி-01 படிவம் போட வேண்டும், ஓராண்டுக்கு மேற்பட்ட பில்லுக்குக் கிடையாது.

ஹோட்டல்காரர்களுக்கும் சேவைத் தொழிலில் இருப்பவர்களுக்கும் என் அனுபவம் அப்படியே பொருந்தாது. சாதாரண உணவகத்துக்கு ரெகுலரிலும் 5 சதவீதம்தான், கிரெடிட் கிடையாது. ஆனால் அதை வாடிக்கையாளரிடம் வாங்கலாம். காம்போசிஷனில் அதே 5 சதவீதம் சொந்தப் பையிலிருந்து போகிறது. மிச்சமாவது ரிட்டர்ன் வேலை மட்டும். சேவைத் தொழிலில் 50 லட்சம் வரை 6 சதவீதம் என்பது, வீட்டு வாடிக்கையாளர்களை மட்டும் வைத்திருப்பவருக்கு நல்ல வழியாகத் தெரிகிறது. அந்தத் தொழிலில் இருப்பவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெளியே வருவதும் உள்ளே போவதும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். காம்போசிஷனிலிருந்து எந்த மாதமும் சிஎம்பி-04 போட்டு வெளியேறலாம். ரெகுலரில் இருப்பவர் உள்ளே போக வேண்டுமானால் நிதியாண்டு பிறக்குமுன், மார்ச் 31க்குள், சிஎம்பி-02 போட வேண்டும். கையிருப்புச் சரக்குக்கு எடுத்த கிரெடிட்டையும் திருப்பிக் கட்ட வேண்டும். முடிவு தெளியாதவர்கள் ஏப்ரலில் காம்போசிஷனில் தொடங்கி, கடைக்காரர்களின் ஆர்டர் பெருகும்போது வெளியே வருவதுதான் செலவு குறைந்த வழி.