லூப்பில் பச்சைத் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள்

வீட்டில் ஜியோதெர்மல் ஹீட் பம்ப், அதாவது மண்ணுக்குள் புதைத்த குழாய்ச் சுற்று (லூப்) வழியாக நிலத்தின் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும், கோடையில் குளிர்விக்கும் மெஷின் ஓடுகிறதா? ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் இருக்கிறதா? பழைய சர்வீஸ் பில்களைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

ஒரு வீட்டில் மூன்று கோடை தவறாமல் சர்வீஸ் நடந்தது. அடுத்து வந்த குளிரில் கேஸ் (குளிர்பதன வாயு) சுற்றும் சர்க்யூட்டுக்குள் தண்ணீர் புகுந்து மெஷின் போய்விட்டது. தயாரிப்புக் குறை எதுவும் இல்லை. சர்வீஸ் என்ற பெயரில் நடந்த வேலைதான் அதைக் கெடுத்தது. மூன்று பில்லிலும் அதே நான்கு வரிகள்: கேஸ் டாப்-அப், லூப் டாப்-அப், பம்புக்கும் மோட்டாருக்கும் ஆயில், ஜெனரல் செக்கப். இவற்றில் முதல் மூன்றும் தேவையே இல்லாதவை. நான்காவதில் என்ன பார்த்தார்கள் என்பதற்கு ஓர் எண்கூட இல்லை.

லூப்பில்தான் பெரிய கேடு நடந்தது. வந்தவர் கோடையில் லூப்பின் அழுத்தக் கேஜைக் காட்டி, "குளிர்ல 60 இருந்தது, இப்ப 35தான் சார் காட்டுது. எங்கேயோ ஒழுகுது" என்றிருக்கிறார். எண்கள் இரண்டும் உண்மை. ஒழுகுகிறது என்பதுதான் பொய். மண்ணுக்குள் இருப்பது ஹெச்டிபிஇ என்னும் பிளாஸ்டிக் குழாய். சூடேறினால் அது விரியும், உள்ளே அழுத்தம் இறங்கும். குளிர்ந்தால் சுருங்கும், அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற்றி மூடிய லூப்பில் குளிர்காலத்தில் 50 முதல் 75 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு), கோடையில் 35 முதல் 40 பி.எஸ்.ஐ. இருப்பது இயல்பு. புது லூப்பாக இருந்தால் குழாய் நெகிழ்ந்து கொடுப்பதால் முதல் ஆண்டில் இன்னும் கொஞ்சம் இறங்கும். உண்மையான ஒழுகல் வேறு மாதிரி இருக்கும்: ஒரே பருவத்துக்குள் இறங்கிக்கொண்டே வரும், நிரப்பினால் மறுபடி இறங்கும். ஒரு தேதியில் எடுத்த ஒற்றை அளவை வைத்து யார் ஒழுகல் என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

"அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுகிறேன்" என்று ஒவ்வொரு முறையும் சுமார் 50 லிட்டரைத் திறந்துவிட்டு, தோட்டத்துக் குழாயை மாட்டிப் பச்சைத் தண்ணீரை ஏற்றியிருக்கிறார்கள். மொத்த லூப்பில் 250 லிட்டர். தொடக்கத்தில் அதில் 25 விழுக்காடு புரோப்பிலீன் கிளைகால் என்னும் உறையாமல் காக்கும் திரவம் இருந்தது. அந்தக் கலவை சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. முதல் கோடையில் 25 விழுக்காடு 20 ஆனது, இரண்டாவதில் 16, மூன்றாவதில் 12.8. அந்தக் கலவை மைனஸ் 4 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும். இந்த மூன்று ஆண்டில் ஒரு தடவைகூட ரிஃப்ராக்டோமீட்டர் (கலவையின் செறிவைக் காட்டும் கருவி) வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு சொட்டுப் போதும், ஒரு நிமிட வேலை.

நீர்த்துப்போனதை மெஷினால் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் இதில் ஆபத்து. கன்ட்ரோல் போர்டில் உறைவுப் பாதுகாப்புக்கு ஒரு ஜம்பரோ (இணைப்புத் துண்டு) சிறு சுவிட்சோ இருக்கும். வெறும் தண்ணீர் என்று வைத்தால் மைனஸ் 1 டிகிரி அளவிலேயே மெஷின் நின்றுவிடும். உறையாக் கலவை என்று வைத்தால் மைனஸ் 9 அல்லது அதற்கும் கீழே போனால்தான் நிற்கும். நிறுவியவர்கள் முறைப்படி இரண்டாவதில் வைத்திருந்தார்கள். கலவை மாறிவிட்டது, ஜம்பர் அப்படியே இருந்தது. மைனஸ் 4-க்கும் மைனஸ் 9-க்கும் நடுவே காவல் எதுவும் இல்லை.

தண்ணீரோடு காற்றும் உள்ளே போயிருந்தது. லூப்பில் காற்றை வெளியேற்ற, ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். அதற்கு ஒன்றரை குதிரைத்திறன் அளவு பம்பும் தொட்டியும் உள்ள ஃபிளஷ் கார்ட் வேண்டும். தோட்டத்துக் குழாயால் ஆகாது. காற்று போய்விட்டதா என்று பார்ப்பதும் எளிது. பம்ப் ஓடும்போதே திரும்பி வரும் வால்வை ஒரு கணம் மூடினால், கார்ட்டின் குறுகிய தொட்டியில் மட்டம் ஓரிரு அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். மட்டம் சட்டென்று இறங்கினால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த வீட்டில் சர்வீஸ் முடிந்த நாளிலிருந்து பம்ப் பக்கம் களகளவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது தானாகச் சரியாகாது.

குளிர் தொடங்கியதும் ஓட்டம் குறைந்த லூப்போடு மெஷின் அடிக்கடி லாக்-அவுட் ஆனது, அதாவது பாதுகாப்புக்காகத் தானே நின்று பூட்டிக்கொண்டது. ஹீட்டிங்கில் லூப் ஓட்டம் குறைந்தால் கேஸின் தாழ்பக்க அழுத்தம் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு "கேஸ் கம்மி" என்று இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். தொழில் தெரிந்தவர் தண்ணீர் ஓட்டத்தையும் காற்றோட்டத்தையும் சரிபார்க்காமல் கேஸ் பக்கம் கையே வைக்க மாட்டார். இந்த மெஷின்களில் கேஸ் தொழிற்சாலையிலேயே எடைபோட்டு அடைக்கப்படுகிறது, அந்த எடை நேம் பிளேட்டில் இருக்கிறது. கேஸ் ஓடி ஓடித் தீரும் பொருள் இல்லை. குறைந்திருந்தால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், 500 மைக்ரானுக்குக் கீழே வாக்கும் எடுக்க வேண்டும் (உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்றுவது), பிறகு தராசில் வைத்து நேம் பிளேட் எடைக்கு ஏற்ற வேண்டும். ஆண்டுதோறும் டாப்-அப் என்று ஒரு வரி பில்லில் வந்தால், இல்லாத வேலைக்குக் காசு வாங்குகிறார்கள், அல்லது இருக்கிற ஓட்டையை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். கேஜ் ஹோஸை மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கேஸ் வெளியே போகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

லாக்-அவுட் நிற்காததால், தெர்மோஸ்டாட்டை எமர்ஜென்சி ஹீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டாரிடம் சொல்லவும் இல்லை. வீடு கதகதப்பாக இருந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த நிலையில் கம்ப்ரஸர் ஓடாது, மின் கம்பிச் சுருள் மட்டுமே சூடாகும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3, 4 யூனிட் வெப்பம் கொடுக்கும். சுருள் ஒன்றுக்கு ஒன்றுதான் கொடுக்கும். மின் கட்டணத்தைப் பார்த்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. சர்வீஸ் முடிந்ததும் தெர்மோஸ்டாட் திரையை நீங்களே பாருங்கள். ஆக்ஸ் (துணை ஹீட்) அல்லது எமர்ஜென்சி என்று எரிந்தால் ஏன் என்று கேட்காமல் ஆளை அனுப்பாதீர்கள்.

வீட்டார் சாதாரண ஹீட்டுக்கு மாற்றினார்கள். மறுபடி லாக்-அவுட். ஒவ்வொரு முறையும் பிரேக்கரை அணைத்துப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். அப்படிச் செய்யச் சொன்னதும் அந்த சர்வீஸ்காரர்தான். உறைவுப் பழுதில் ரீசெட் செய்வதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. பாதி உறைந்த குழாயை மறுபடி உறைய வைக்கிறீர்கள். ஓர் இரவில், லூப் நீரும் கேஸும் வெப்பம் மாற்றிக்கொள்ளும் வெப்பமாற்றிக் குழாய் உள்ளேயே வெடித்தது. முதலில் கேஸ் லூப்புக்குள் போனது. கேஸ் அழுத்தம் தணிந்ததும் லூப் தண்ணீர் எதிர்த்திசையில் கம்ப்ரஸர் வரை வந்துவிட்டது. சர்வீஸ் வால்வைத் திறந்தபோது வந்த ஆயில் மோர் மாதிரி வெளுத்து இருந்தது. அந்த நிறத்தைப் பார்த்தபிறகு பழுதுபார்ப்பது பற்றிப் பேச ஒன்றுமில்லை, மெஷினையே மாற்ற வேண்டியதுதான்.

ஆயில் கதை சின்னது. வீட்டு லூப் பம்புகளில் சுற்றும் தண்ணீரே பேரிங்குக்கு உயவு. இசிஎம் (மின்னணுக் கட்டுப்பாட்டு) புளோயர் மோட்டாரில் பேரிங் மூடியே வரும். ஆயில் விட இரண்டிலும் இடமே கிடையாது.

உண்மையில் வேண்டிய வேலை இதைவிட எளிது. ஏர் ஃபில்டரை மாதம் ஒருமுறை பாருங்கள், 1 முதல் 3 மாதத்துக்குள் மாற்றுங்கள். அது அடைத்தால் ஹீட்டிங்கில் உயர் அழுத்தத்தில் மெஷின் நிற்கும், கூலிங்கில் காயில் பனி பிடிக்கும். அந்த வீட்டில் ஃபில்டர் சாம்பல் நிறக் கம்பளி போல் ஆகி உள்ளே வளைந்திருந்தது, மூன்று பில்லிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோடைக்கு முன், கூலிங்கில் சேரும் நீர் வழியும் கன்டென்சேட் வடிகாலின் வளைவைக் கழுவ வேண்டும். கெப்பாசிட்டரை அளந்து, மேலே அச்சிட்ட மதிப்பிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் மாற்ற வேண்டும். கம்ப்ரஸருக்கு மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் காண்டாக்டரின் முனைகள் கருகிக் குழி விழுந்திருக்கின்றனவா என்று பார்த்து, மின் இணைப்புகளை முறுக்க வேண்டும். கிணற்று நீர் நேராக ஓடும் திறந்த லூப் என்றால் கதையே வேறு: அங்கே உப்புப் படியும், வடிகட்டி அடைக்கும், அமிலக் கழுவல் நியாயமான செலவுதான். மூடிய லூப்புக்கு ஆண்டுதோறும் கழுவல் என்பது அர்த்தமில்லாத பேச்சு.

வந்தவர் வேலை தெரிந்தவரா என்பது, லூப் தண்ணீர் மெஷினுக்குள் போகும், வரும் குழாய்களில் இருக்கும் சிறு ஊசிவாய்களைத் தொடுகிறாரா என்பதிலேயே தெரிந்துவிடும். ஒரே கேஜை இரண்டு வாயிலும் மாற்றி மாற்றி நுழைக்க வேண்டும். இரண்டு கேஜ் வைத்தால் அவற்றின் வித்தியாசமும் கணக்கில் சேர்ந்துவிடும். அழுத்த வேறுபாட்டைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்தால் ஓட்டம் கிடைக்கும். டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் வேண்டும். பிறகு வெப்பநிலை வேறுபாடு. ஹீட்டிங்கில் 3 முதல் 4 டிகிரி வரும். ஓட்டத்தை வேறுபாட்டால் பெருக்கி 15-ஆல் வகுத்தால் நிலத்திலிருந்து வரும் வெப்பம் கிலோவாட்டில். 3 டன் மெஷினில் 33 லிட்டர், 3.5 டிகிரி என்றால் 7.7 கிலோவாட். அட்டவணையிலிருந்து இது 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் கேஸ் சர்க்யூட்டைத் திறக்கவே காரணம் இல்லை. இந்த எண்களைத் தேதியோடு பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

உங்கள் லூப்பிலும் யாராவது குழாய்த் தண்ணீர் ஏற்றியிருந்தால் குளிருக்கு முன் மாதிரி எடுத்து உறைநிலையைப் பார்க்கச் செய்யுங்கள். உள்ளே இருப்பது கிளைகாலா மெத்தனாலா என்று முதலில் கேளுங்கள், கிளைகால் ரிஃப்ராக்டோமீட்டர் மெத்தனாலுக்குச் சரியாகக் காட்டாது. லூப்பிலிருந்து வரும் நீரின் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு 8, 9 டிகிரி கீழே வரை உறையாமல் தாங்க வேண்டும். தாங்காவிட்டால், கலவையைச் சரிசெய்யும் வரை கம்ப்ரஸரை ஹீட்டிங்கில் ஓட்டாதீர்கள். அந்த நாட்களுக்கு மட்டும், தெரிந்தே, எமர்ஜென்சி ஹீட்டில் வையுங்கள். கார் ரேடியேட்டர் கூலன்ட் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.