நிக்கோர் 24 மில்லிமீற்றர் எஃப் 2.8: பழைய அகலக்கோண வில்லை, இன்றைய கெமரா, மட்டக்களப்பு வெளிச்சம்

மட்டக்களப்பில் பிலிம் காலத்தில் இயங்கிய ஸ்டூடியோக்கள் சிலவற்றில், விற்க மனமில்லாமலும் பாவிக்க வழியில்லாமலும் நல்ல வில்லைகள் இன்னும் கிடக்கின்றன. அப்படியோர் இடத்திலிருந்து என் கைக்கு வந்த, நிக்கொன் நிறுவனத்தின் நிக்கோர் 24 மில்லிமீற்றர் எஃப் 2.8 வில்லையை, 2018 இல் வெளிவந்த சோனி ஏ7 மார்க் 3 கெமராவில் பொருத்தி, வாவிக்கரையிலும் கடற்கரையிலும் கோயில் வீதிகளிலும் பாவித்து வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 24 மெகாபிக்சல் சென்சருக்கு இந்த வில்லை தாராளமாகப் போதும். ஆனால் படத்தின் தரத்தை வில்லை மட்டும் தீர்மானிப்பதில்லை. வில்லைக்கும் கெமராவுக்கும் இடையில் நிற்கும் அடாப்டரும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தீர்மானிக்கிறது. பழைய அகலக்கோண வில்லைகளின் மேல் சுமத்தப்படும் குறைகளில் கணிசமானவை உண்மையில் அடாப்டரின் குறைகளே என்பது என் உறுதியான எண்ணம்.

நிக்கொன் 24 மில்லிமீற்றர் எஃப் 2.8 வில்லையை முதன்முதலில் 1967 இல் வெளியிட்டது. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளேயிருக்கும் கண்ணாடித் தொகுதிகளின் இடைவெளி தானாகவே மாறி, மூலைகளின் தெளிவைக் காக்கும் ஏற்பாடு நிக்கோர் வில்லைகளில் இதனோடுதான் அறிமுகமானது. என்னிடமிருப்பது 1980களில் வந்த ஏஐ-எஸ் வகை; ஒளித்துவாரத்தின் அளவைக் கெமராவுக்குத் தானாகத் தெரிவிக்கும் ஏஐ ஏற்பாட்டின் பிந்திய வடிவம் அது. ஒன்பது கண்ணாடிகளும் ஏழு இதழ்களைக் கொண்ட துவாரமும் உடையது. 30 சென்ரிமீற்றர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யலாம். ஃபில்டரின் அளவு 52 மில்லிமீற்றர். எடை ஏறத்தாழ கால் கிலோ.

இந்த வில்லை டிஜிட்டல் கெமராவில் நன்றாக இயங்குவதற்கான காரணம், டிஜிட்டல் என்பதை எவரும் எண்ணிப்பார்க்காத காலத்திலேயே அதன் வடிவமைப்பில் அமைந்துவிட்டது. எஸ்.எல்.ஆர். கெமராவினுள் ஓர் ஆடி மேலெழுந்து இறங்குவதற்கு இடம் வேண்டும் என்பதால், குவியத்தூரம் குறைந்த வில்லையைப் பிலிமுக்கு அருகே வைக்க முடியாது. எனவே வில்லையின் முன்புறம் ஒளியை விரிக்கும் தொகுதியொன்றை வைத்து, உருவம் விழும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பிரான்சின் அஞ்செனியூ நிறுவனம் 1950 இல் ரெட்ரோஃபோகஸ் என்ற பெயரில் வெளியிட்ட 35 மில்லிமீற்றர் வில்லை இந்த வழியில் முன்னோடி. இத்தகைய வில்லையின் பின்கண்ணாடி சென்சரிலிருந்து எட்டவே நிற்பதால், மூலைகளுக்குச் செல்லும் ஒளி அதிகம் சரியாமல் விழுகிறது. பிலிம் எந்தச் சரிவில் வரும் ஒளியையும் ஏற்றுக்கொள்ளும்; சென்சர் அப்படியல்ல. அதன் மேலிருக்கும் வடிகட்டிக் கண்ணாடியினூடாகச் சரிந்து வரும் ஒளி, மூலைகளில் தெளிவைக் குலைத்து, சிலவேளை ஊதா கலந்த சிவப்புச் சாயத்தையும் படிய வைக்கிறது. உள்ளே ஆடி இல்லாததால் வில்லை பிலிமுக்கு மிக அருகே நிற்கக்கூடிய ரேஞ்ச்ஃபைண்டர் கெமராக்களுக்காகச் செய்யப்பட்ட அகலக்கோண வில்லைகள், அவை எவ்வளவு புகழ்பெற்றவையாக இருந்தாலும், சோனி போன்ற கெமராக்களில் சோர்ந்துபோவது இதனால்தான். 1999 இல் வந்த வொய்க்லாந்தர் 15 மில்லிமீற்றர் வில்லை பிலிமில் மிக அருமையானது. ஆனால் டிஜிட்டலில் அதன் ஓரங்கள் நிறம் மாறின, பின்னர் சென்சரை மனதில் வைத்து அதைப் புதிதாக வடிவமைக்க வேண்டி வந்தது. அகலக்கோணத்தில் பழைய வில்லை தேடுகிறவர்கள் எஸ்.எல்.ஆர். வில்லைகளையே தேட வேண்டும் என்பேன்.

தெளிவைச் சோதிப்பதற்குக் கல்லடிப் பழைய பாலத்தைப் போன்ற இடம் நம் ஊரில் வேறில்லை. இரும்புச் சட்டங்களும் தறையாணிகளும் படத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை வரிசையாக நிற்பதால், எந்தக் குறையும் மறைந்துகொள்ள முடியாது. துவாரம் முழுதும் திறந்திருக்கும் எஃப் 2.8 இல் நடுப்பகுதி கூர்மையாகவும் மூலைகள் மென்மையாகவும் சற்று இருண்டும் இருக்கின்றன. துவாரத்தைச் சுருக்கி எஃப் 5.6 இல் வைத்தால் ஓரங்கள் எழுந்து வருகின்றன. எஃப் 8 இல் கடைசி மூலையைத் தவிர மற்ற எல்லா இடமும் பெரிய அச்சுக்கு ஏற்றதாகிவிடுகிறது. ஓரத்தில் வரும் நேர்கோடுகள் சிறிதளவு வெளிப்புறமாக வளைகின்றன. புதிய வில்லைகளில் இந்த வளைவைக் கெமராவே சொல்லாமல் திருத்திவிடும். இங்கே கெமரா பதப்படுத்தாத ரா கோப்பைத் திறந்து நாமே திருத்த வேண்டும். வானத்தின் பின்னணியில் தென்னோலைகள் ஓரத்தில் வந்தால் மெல்லிய நிறக்கரை தெரியும். துவாரத்தைச் சுருக்கினாலும் அது போகாது, மென்பொருளில் ஒரு தட்டில் போய்விடும்.

இனி அடாப்டர். நிக்கொன் எஃப் மவுண்டிலிருந்து, அதாவது வில்லை பொருந்தும் வளையத்திலிருந்து, பிலிமுக்குள்ள தூரம் 46.5 மில்லிமீற்றர், சோனி ஈ மவுண்டில் அது 18 மில்லிமீற்றர். ஆகவே அடாப்டரின் நீளம் மிகச் சரியாக 28.5 மில்லிமீற்றராக இருக்க வேண்டும். மலிவான அடாப்டர்களைச் செய்வோர், நீளம் கூடிப்போனால் தொலைதூரம் ஃபோகஸில் வராமற் போய்விடும் என்று, வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகச் செய்துவிடுகிறார்கள். நீண்ட குவியத்தூர வில்லைகளில் இது பெரிதாகத் தெரியாது. 24 மில்லிமீற்றரில் கணக்கே வேறு. அடாப்டர் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு குட்டையாக இருந்தாலே, வில்லையின் வளையம் ஏறத்தாழ ஆறு மீற்றரைக் காட்டும்போது அடிவானம் ஃபோகஸில் வந்து நிற்கும். இதனால் இரண்டு கேடுகள் விளைகின்றன. முதலாவது, வளையத்திலுள்ள தூர அளவு பயனற்றதாகிறது. இரண்டாவதுதான் பாரதூரமானது: கிட்டத்துக்கென உள்ளே நகரும் கண்ணாடித் தொகுதி, அடிவானத்தைப் படமெடுக்கும்போதும் ஆறு மீற்றருக்குரிய இடத்தில் நிற்பதால், வில்லை செய்யப்பட்ட கணக்கு குழம்பி மூலைகள் கெடுகின்றன. அந்தப் படத்தைப் பார்ப்பவர் வில்லையைத்தான் குறை சொல்வார்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. கல்லடிக் கடற்கரையில் நின்று, தொலைவில் செல்லும் வள்ளமொன்றைத் திரையில் பெரிதாக்கி, துவாரத்தை முழுதும் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, வளையம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முடிவிலிக் குறிக்கு முன்னரே நின்றால் அடாப்டர் குட்டை. அதன் முன்தட்டிலுள்ள ஆணிகளைக் கழற்றி, தட்டுக்கடியில் மெல்லிய உலோகத் தகட்டை ஒரே அளவாகச் சுற்றிவர வைத்து மீண்டும் இறுக்கினால் சரிசெய்துவிடலாம். நான் அப்படிச் சரிசெய்த பிறகு, கோட்டையின் பீரங்கிமேடையிலிருந்து வாவியை எடுத்த படங்களில் இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே தெளிவில் வந்தன. புதிய வில்லை வாங்கியதற்குச் சமமான மாற்றம் அது.

அடாப்டரின் உட்புறத்தையும் பாருங்கள். அது பளபளப்பாக இருந்தால், நம் ஊர் வெளிச்சத்தில் படத்தின் நடுவே வெண்மையான மூட்டம் படியும். எழுவான்கரையில் காலைச் சூரியன் கடலிலிருந்து எழுந்து நேரே முகத்தில் அடிக்கும். மாலையில் அது வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் இறங்கும்போது தண்ணீர் முழுதும் ஒளி. அகலக்கோண வில்லைக்குள் சூரியன் வராமல் இந்த ஊரைப் படமெடுப்பது கடினம். இந்த நிக்கோரின் பல்லடுக்குப் பூச்சு அதைத் தாங்குகிறது. சில சிறு ஒளிப்புள்ளிகள் வரும், ஆனால் நிழலிலிருக்கும் தோணியின் கறுப்பு, கறுப்பாகவே நிற்கும். அடாப்டருக்குள் கறுப்பு வெல்வெட் துண்டொன்றை ஒட்டிய பின்னர்தான் வில்லையின் இந்த வலிமை எனக்கு முழுதாகத் தெரிந்தது.

இரவில் வடமோடிக் கூத்தை வட்டக்களரிக்கு அருகே நின்று எடுக்கும்போது, இந்த வில்லையின் நல்லதும் கெட்டதும் ஒன்றாகத் தெரிகின்றன. எஃப் 2.8 இல் ஓரத்திலுள்ள மின்குமிழ்கள் சிறகு முளைத்ததுபோல் இழுபடுகின்றன. ஓரத்தில் வரும் முகங்கள் அகன்றுவிடுகின்றன. ஆனால் அண்ணாவியாரும் மத்தளமும் ஆடுவோரும் சுற்றியிருக்கும் சனமும் ஒரே சட்டத்துள் வருவதற்கு 24 மில்லிமீற்றரைப் போல் வேறு அளவு கிடையாது என்றே சொல்வேன். ஆட்டக்காரர் சுழலும் வேகத்தில் திரையைப் பெரிதாக்கிப் பார்க்க நேரமிருக்காது. வெளிச்சம் இடங்கொடுத்தால், எஃப் 8 இல் வளையத்தை இரண்டரை மீற்றரில் வைத்துவிட்டால் ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றரிலிருந்து தொலைதூரம் வரை ஃபோகஸில் இருக்கும். இந்த அளவு பிலிம் காலத்து அச்சுக்கு வகுத்தது. சென்சர் கண்டிப்பானது என்பதால் நான் எஃப் 11 இல் வைத்துக்கொண்டு வில்லையிலுள்ள எஃப் 8 இன் தூரக் குறிகளையே நம்புகிறேன். அடாப்டர் சரியாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

பழைய வில்லையைக் கெமரா தானாக அடையாளம் காணாது என்பதால் அதில் இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டும்: வில்லை இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கும்படி வைப்பது ஒன்று, அதிர்வு தடுக்கும் ஏற்பாட்டுக்குக் குவியத்தூரம் 24 என்று கையால் கொடுப்பது மற்றது.

ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சர் கொண்ட கெமரா வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே இதன் பார்வை 36 மில்லிமீற்றருக்குச் சமமாகிவிடுகிறது. அகலம் போன பின் கைமுறை ஃபோகஸின் சிரமம் மட்டுமே மிஞ்சும்.

வாங்கும்போது ரோச் வெளிச்சத்தைப் பின்புறத்திலிருந்து அடித்துப் பங்கசைத் தேடுங்கள். வடகீழ்ப் பருவமழை மாதங்களில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே நாம் வாழும் ஈரத்தில், தோல் உறைக்குள் பூட்டி வைத்த வில்லையில் சிலந்தி நூல் போல அது படர்ந்திருக்கும். பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. இதழ்களில் எண்ணெய் கசிந்திருந்தால் அவ்வளவு பயப்பட வேண்டாம். எஸ்.எல்.ஆரில் அது இதழ்களை மந்தமாக்கிப் படத்தை வெளிறச் செய்யும். அடாப்டரில் நாம் முன்கூட்டியே துவாரத்தைச் சுருக்கிவிடுவதால் அந்தத் தாமதம் பொருட்டல்ல. 1977 க்கு முந்திய, ஏஐ அல்லாத வகை கிடைத்தாலும் தயங்காமல் எடுக்கலாம். நிக்கொனின் பல டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கெமராக்களில் அதை மாட்டினால் மவுண்டிலுள்ள சிறு நெம்பு உடையக்கூடும். இந்தச் சோனி அடாப்டர்களில் அந்த நெம்பே இல்லை.