ஸாப்பா, பர்ப்பா, செம்கிரெப்பா? ஒரு லாட்ஜ் சைட்ட தோண்டின கதை

கன்னியாகுமரில லாட்ஜ் வச்சிருக்க அண்ணன் ஒருத்தரு, ஐயப்ப சீசன் தொடங்கதுக்கு முந்தி புக்கிங் சைட்டுல எங்க ஓட்டை இருக்குன்னு ஒருக்கா பாத்து தா மக்கான்னாரு. பிஎச்பிங்கிற கோடு மொழில எழுதுன சைட்டு. ஸாப், பர்ப், செம்கிரெப்னு ஓட்டை தேடுற மூணு டூல வச்சு பாத்தேன். வாட்ஸ்அப்ல அனுமதி எழுதி வாங்கிட்டுதான் தொட்டேன், ஐடி சட்டத்துல 43, 66 ரெண்டும் கேக்காம உள்ள நுழையுறவனுக்குத்தான்.

மொதல்ல ஸாப். காசு கிடையாது, அட்ரஸ குடுத்தா லிங்க் லிங்கா அதுவே போவும். பேசிவ் ஸ்கேன் வர்ற பதில மட்டும் படிக்கும், ஆக்டிவ் ஸ்கேன்தான் ஃபார்ம்ல உள்ள ஒவ்வொரு கட்டத்துலயும் ஒத்த கோட்டேஷன் குறி, கோட நுழைக்கிற ஸ்கிரிப்ட் டேக்னு போட்டு இடிச்சு பாக்கும். நான் மடத்தனமா ஆக்டிவ்வ லைவ் சைட்டு மேலயே ஓட விட்டுட்டேன், ஃபார்ம்ல பேரு கேட்டா அது "ஸாப்"னே நிரப்பி அனுப்பும், ராத்திரி 11 மணிக்கு அண்ணன் போன் போட்டு "ஏலே, யாருலே இந்த ஸாப்பு, இருக்கதே 14 ரூமு, இவன் 60 ரூம் கேக்கான்!" கிடைச்சது என்னன்னா தேடுற பெட்டில ஒரு எக்ஸ்எஸ்எஸ் (வெளியாளு போடுற ஸ்கிரிப்ட் பக்கத்துல ஓடுற ஓட்டை), லாகின் குக்கிய ஸ்கிரிப்ட் படிக்காம தடுக்குற எச்டிடிபி-ஒன்லி இல்ல, சர்வர் பதிலோட வரவேண்டிய பாதுகாப்பு ஹெடர் ரெண்டு மூணு இல்ல, அவ்வளவுதான்.

அடுத்து பர்ப்போட காசில்லாத கம்யூனிட்டி பதிப்பு. இதுல ஸ்கேனர் கிடையாது, அதுக்கு காசு கட்டணும், ரிக்வெஸ்ட மாத்தி மாத்தி தானா அனுப்புற இன்ட்ரூடரும் ஆமை வேகம். ஆனா பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவுல உக்காந்து ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் கையில புடிச்சு தரும். ஒருத்தரோடது இன்னொருத்தருக்கு தெரியுதான்னு பாக்க ரெண்டு அக்கவுண்ட் போட்டேன். என் ரசீது நம்பர் 1042, புடிச்ச ரிக்வெஸ்ட திருப்பி அனுப்புற ரிப்பீட்டர்ல 1041னு மாத்தி அனுப்புனா யாரோ ஒரு குடும்பத்தோட பேரு, போன் நம்பர், ஆதார் நகல் எல்லாம் அப்படியே வருது! ரூம் தொகை 2400ஐ 24ன்னு மாத்துனா பேமென்ட் பக்கமும் 24 தான் கேக்குது. ஸாப் ஏன் இத விட்டுச்சு? சர்வர் 200, அதாவது எல்லாம் சரிங்கிற பதில் குடுத்துச்சு, பக்கம் ஒழுங்கா தொறந்துச்சு, அது யாரு ரசீதுன்னு ஸ்கேனருக்கு எப்படி தெரியும். வெப் ஓட்டைகள வரிசைப்படுத்துற ஓவாஸ்ப் டாப் 10ல 2017ல அஞ்சாவதா கெடந்த அக்சஸ் கன்ட்ரோல் கோளாறு (யாரு எத பாக்கலாம்னு சரியா தடுக்காதது) 2021ல மொத எடத்துக்கு வந்தது சும்மா இல்ல.

செம்கிரெப் சைட்டு எழுதுன கோடு ஃபைலையே படிக்கும், சைட்ட ஓட்ட வேண்டாம். அட்மின் ரிப்போர்ட் பக்கத்துல டேட்டாபேஸ்ல கேக்குற எஸ்க்யூஎல் வரில யூசர் அடிக்குறத அப்படியே ஒட்டு போட்டு எழுதியிருந்தத ஒரே நிமிஷத்துல காட்டிச்சு, நான் ஸாப்புக்கு லாகின் குடுக்காததால ஸாப் அந்த பக்கமே போவல. ஆனா செம்கிரெப் யாரும் தொடாத பழைய ஃபைலுக்கெல்லாம் கத்தும். அந்த ரசீது ஃபைல மட்டும் சுத்தம்னு சொல்லிச்சு, ஏன்னா அங்க யூசர் அடிக்குறத ஒட்டாம தனியா அனுப்புற பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் ஒழுங்கா இருந்துச்சு, இல்லாம போனது ஓனர் யாருன்னு கேக்குற ஒத்த கண்டிஷன். இல்லாத வரிய அது எங்க காட்ட.

ஒரே ஒரு சாயங்காலந்தான் இருக்குன்னா நான் பர்ப்பும் ரெண்டு அக்கவுண்டும்தான் எடுப்பேன். ஸாப்ப சைட்டோட காப்பில விட்டுட்டு தூங்கப் போலாம், கோடு கையில இருந்தா செம்கிரெப்பும்.

ரசீத எடுக்குற எஸ்க்யூஎல் வரில யூசர் ஐடிய சேத்தாச்சு, இப்ப 1041 கேட்டா வெறும் பக்கந்தான் வருகு. அந்த 60 புக்கிங்க நான்தான் ஒண்ணொண்ணா அழிச்சேன், அண்ணன் பக்கத்துல நின்னு எண்ணிட்டு இருந்தாரு.