மலைவீட்டுக்கு எந்த சீலன்ட்: அசிட்டிக்கா, நியூட்ரலா, பி.யு.வா?

"அண்ணா, சிலிக்கான் ஒண்ணு குடுங்க" என்று குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஹார்டுவேர் கடையில் கேட்டால், சந்தும் விரிசலும் அடைக்கும் சீலன்ட் பசைகளில் பெரும்பாலும் கையில் வருவது அசிட்டிக் என்ற வகை டியூப்தான். எதற்கு என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை. மே மாதம் பிறந்ததும் அந்த ஒரே டியூபை ஜன்னல் ஓரம், சன்ஷேட் விரிசல், கூரை ஷீட்டின் ஸ்க்ரூ, சமையலறை சிங்க் என்று எல்லா இடத்திலும் இழுத்துவிடுகிறோம். ஆகஸ்டில் பாதி இடங்களில் அது உரிந்து தொங்குகிறது. அப்புறம் "சிலிக்கான் நம்ம ஊருக்கு ஆகாது" என்று தாரையும் சிமெண்டையும் தேடிப் போகிறோம். கட்டட வேலையில் இருப்பவனுக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. பொருளில் குறை இல்லை. பரப்புக்குப் பொருந்தாததைப் பூசியதுதான் குறை.

நீலகிரியை மனதில் வைத்து எழுதுகிறேன், கொடைக்கானலுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். இந்த உயரத்தில் மூன்று விஷயங்கள் சமவெளியிலிருந்து மாறுகின்றன. குளிரில் சீலன்ட் மெதுவாகத்தான் இறுகும். சாரல் காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும். மூன்றாவதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை: 1,000 மீட்டர் ஏறினால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. உடம்புக்குக் குளிர்கிறது என்பதால் சுவரில் விழும் வெயிலைக் குறைவாக எடைபோடக் கூடாது.

அசிட்டிக்கும் நியூட்ரலும்

இரண்டும் சிலிக்கான்தான். இரண்டுமே காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு ரப்பராக இறுகுகின்றன. இறுகும்போது எதை வெளியே விடுகின்றன என்பதில்தான் வித்தியாசம். அசிட்டிக் வகை அசிட்டிக் அமிலத்தை விடும். டியூபைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வினிகர் வாசம் அதுதான். நியூட்ரல் வகை ஆக்சைம் அல்லது ஆல்கஹால் போன்ற, அமிலமில்லாத ஒன்றை விடும்.

அசிட்டிக் மட்டமான சரக்கு இல்லை. கண்ணாடி, வழவழப்பான டைல்ஸ், வாஷ்பேசின் பீங்கான் ஆகியவற்றில் அதன் பிடி அபாரம். விலை குறைவு, சீக்கிரம் மேல்தோல் கட்டிவிடும். குளியலறையில் டைல்ஸும் பேசினும் சேரும் மூலைக்கு, பூஞ்சைத் தடுப்பு கலந்த அசிட்டிக் டியூபே போதும். ஆனால் அதை சிமெண்ட் பூச்சில் வைத்தால் கதை வேறு. சிமெண்டில் இருப்பது காரம், சீலன்ட் விடுவது அமிலம். இரண்டும் சேரும் இடத்தில் வலுவில்லாத உப்புப் படலம் ஒன்று உருவாகிறது. ஜன்னல் ஓரத்தில் உரிந்து வந்த பட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஃப்ரேமை ஒட்டியிருந்த பக்கம் பளபளவென்று சுத்தமாக இருக்கும். சுவரை ஒட்டியிருந்த பக்கத்தில் வெள்ளை மாவு படிந்திருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். சீலன்ட் கிழியவில்லை, அதன் அடியில் இருந்த பிடிமானம் போய்விட்டது.

உலோகத்திலும் இதே தொல்லை. ஜி.ஐ. ஷீட்டின் துத்தநாகப் பூச்சையும், செம்புக் குழாயையும், பழைய பங்களாக்களில் புகைபோக்கியைச் சுற்றி வைத்திருக்கும் ஈயத் தகட்டையும் அந்த அமிலம் அரிக்கும். நிலைக்கண்ணாடியை அசிட்டிக் வைத்து ஒட்டினால் பின்பக்க ரசம் கறுத்து, முன்னால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

நியூட்ரலின் பலம் இந்த இடங்களில்தான். அலுமினியம், யூபிவிசி, பவுடர் கோட்டிங், ஜி.ஐ., கலர் கோட்டட் ஷீட் எதையும் அது அரிப்பதில்லை, சிமெண்டிலும் மாவு கட்டாமல் பிடிக்கும். புற ஊதாக் கதிருக்கு அசைவதே இல்லை என்பது சிலிக்கான் குடும்பம் முழுவதற்கும் பொதுவான வரம், மலையில் அதற்கு மதிப்பு இன்னும் அதிகம். குறை என்றால் விலை கூடுதல், இறுகத் தாமதமாகும், மேலே பெயிண்ட் நிற்காது. ஜன்னலின் வெளிப்பக்கத்துக்கு என்னைக் கேட்டால் நியூட்ரல்தான், யோசிக்கவே வேண்டாம்.

கடையில் எப்படிப் பிரித்தறிவது? டியூபில் 'நியூட்ரல்' என்றோ 'வெதர்ப்ரூஃபிங்' என்றோ அச்சிட்டிருக்கும். டவ்சில் 789 போன்றவை இந்த வகை. வெறும் 'ஜெனரல் பர்ப்பஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் அசிட்டிக். சந்தேகமிருந்தால் கொஞ்சம் பிதுக்கி மோந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கூரை ஷீட்டில் எது நிற்கும்

இங்கே வகையை விட வேலை முறைதான் முக்கியம். துருவேறிய ஸ்க்ரூவின் தலையில் ஒரு உருண்டை சிலிக்கான் வைப்பது பழக்கமாகிவிட்டது. அது ஒரு மழைக்காலம் தாண்டினால் பெரிது, ஏனென்றால் அடியில் துரு வளர்ந்துகொண்டே போய் உருண்டையை மேலே தள்ளிவிடும். ஸ்க்ரூவைக் கழற்றி, ஈபிடிஎம் என்ற ரப்பர் வாஷரோடு புது ஸ்க்ரூ போடுவதே சரி. ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்று ஏறும் இடத்தில் நியூட்ரலை உள்ளே, ஷீட்டுகளுக்கு நடுவில் வைத்து இறுக்க வேண்டும். விளிம்பின் மேல் பூசினால் தண்ணீர் அதன் பின்னால் தேங்கும்.

வெளிச்சம் விடும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் ஷீட்டுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில் கூரை பூஜ்ய டிகிரியை ஒட்டி இருக்கும். நண்பகல் வெயிலில் அதே ஷீட் 30 டிகிரியைத் தொட்டுவிடும். 3 மீட்டர் நீள இரும்பு ஆங்கிள் இதற்குள் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு நீளும். அதே நீளப் பாலிகார்பனேட் 6 மில்லிமீட்டர் நீளும். இரண்டும் சேரும் இடத்தில் வித்தியாசம் 5 மில்லிமீட்டர். தன் அகலத்தில் 25 சதவீத அசைவைத் தாங்கும் சீலன்டை 6 மி.மீ. அகலத்தில் வைத்தால் அது தாங்கக்கூடியது ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதாவது எந்த டியூபும் இந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. ஸ்க்ரூ ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, ரப்பர் கேஸ்கெட்டும் ஷீட்டின் ஓரத்தைப் பிடிக்கும் ப்ரொஃபைல் பட்டையும் வைத்து, ஓரத்துக்கு மட்டும் சீலன்ட் வைக்க வேண்டும். அதிலும் அசிட்டிக் கூடாது. ஆக்சைம் வகை நியூட்ரலில் சில பாலிகார்பனேட்டில் மயிரிழை விரிசல் உண்டாக்கும். பாலிகார்பனேட்டுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் அல்காக்ஸி நியூட்ரலை, அதாவது ஆல்கஹாலை விடும் வகையை, தேடி வாங்குங்கள்.

கூரை ஒழுகுகிறது என்று கூப்பிடும் வீடுகளில் எல்லாமே ஒழுகல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே ரூம் ஹீட்டரும் வெந்நீரும் சமையலும், வெளியே குளிர்ந்த தகரம். உள்ளேயிருக்கும் ஆவி ஷீட்டின் அடியில் வேர்த்துச் சொட்டும். மழையே பெய்யாத விடியற்காலையிலும் சொட்டினால் அது வேர்வைதான். அந்த வீட்டில் சந்துகளையெல்லாம் அடைத்தால் ஆவி போக வழியில்லாமல் நிலைமை மோசமாகும். அங்கே தேவை காற்றோட்டமும் ஷீட்டின் அடியில் வெப்பத்தடுப்பும்.

சிமெண்ட் சுவரில் நியூட்ரலா, பி.யு.வா, ஹைப்ரிடா

பி.யு. என்கிற பாலியூரித்தேன் சீலன்ட், சிகாஃப்ளெக்ஸ் போன்றவை, கான்கிரீட்டுக்கென்றே பிறந்தவை. சன்ஷேடும் சுவரும் சேரும் கோடு, பழைய கட்டடத்தோடு புதிதாகச் சேர்த்த அறையின் இடைவெளி, ஆள் நடக்கும் மொட்டைமாடி ஜாயின்ட் இவற்றில் நியூட்ரல் சிலிக்கானை விட பி.யு. உறுதி. தேய்மானம் தாங்கும், மேலே பெயிண்ட் அடிக்கலாம். வீட்டுச் சுவரில் பளிச்சென்று ஒரு சிலிக்கான் கோடு தெரிவதை யாரும் விரும்புவதில்லை, அதனால் பெயிண்ட் ஏறுவது சின்ன விஷயமில்லை.

ஆனால் பி.யு.வின் எதிரி வெயில். பெயிண்ட் அடிக்காமல் விட்டால் மஞ்சளாகி, சுண்ணாம்பாக உதிர்ந்து, வெடிப்பு விடும். மலையின் கூடுதல் புற ஊதாக் கதிரில் இது சீக்கிரமே நடக்கும். இன்னொன்று, ஈரச் சுவரில் வைத்தால் உள்ளே கரியமில வாயுக் குமிழ் கட்டிப் பொங்கும். வெளியில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் நம் சுவர்கள் உள்ளே வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிரைமர் போட வேண்டிய பரப்பில் அதைத் தவிர்ப்பதும் தப்பு. கண்ணாடியில் பி.யு. வேண்டவே வேண்டாம், கண்ணாடி வழியாக வெயில் ஒட்டிய இடத்துக்கே போய் பிடியை அறுத்துவிடும்.

ஹைப்ரிட், அதாவது எம்.எஸ். பாலிமர், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெயிண்ட் ஏறும், குமிழ் கட்டாது, லேசான ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், பெரும்பாலான பரப்புகளில் பிரைமர் கேட்காது. வெயிலில் பி.யு.வை விட மேல், சிலிக்கானை விடக் கீழ். விலைதான் உறுத்தும். கிடைத்தால், பருவமழைக்கு நடுவில் அவசரமாக அடைக்க வேண்டிய சுவர் ஜாயின்டுக்கு இதைத்தான் எடுப்பேன். மற்ற நாட்களில் காய்ந்த சுவருக்கு பி.யு., மேலே இரண்டு கோட் வெளிப்புறப் பெயிண்ட்.

அக்ரிலிக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் கலந்த பொருள், காய்வதற்குள் மழை பட்டால் கரைந்து ஓடும், காய்ந்தால் சுருங்கும். வீட்டுக்குள் கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மயிரிழை விரிசலுக்கு, பெயிண்ட் அடிக்கும் முன் வைக்கலாம். வெளிச்சுவரில் வைக்காதீர்கள்.

கிரானைட் சமையல் மேடைக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண சிலிக்கானில் உள்ள எண்ணெய்ப் பசை கல்லுக்குள் இறங்கி, ஜாயின்டை ஒட்டி கறுப்பாக ஒரு கோடு விழும். தேய்த்தாலும் போகாது. இயற்கைக் கல்லுக்கென்று தனி நியூட்ரல் உண்டு, அதையே கேளுங்கள்.

கல் பங்களாவில் எதுவும் வேண்டாம்

ஊட்டியில் அன்றைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அந்தக் காலத்துக் கல் சுவர்கள் சுண்ணாம்புக் கலவையால் கட்டியவை. மழையில் கொஞ்சம் ஈரம் குடித்து, வெயிலில் அதை வெளியே விடும். அந்தக் கல் ஜாயின்டுகளில் சிலிக்கானோ பி.யு.வோ சிமெண்டோ அடைத்தால் குடித்த ஈரம் வெளியேற வழியில்லை. உள்பக்கம் பூச்சு உப்பி விழும், கல்லின் விளிம்பு உதிரும். அங்கே பழைய கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்புக் கலவையே வைக்க வேண்டும். இந்த மலையின் பழைய சுவர்கள் டியூபுக்கு இரையாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இதே வீடுகளில் புதிதாக மாட்டும் கண்ணாடி ஜன்னலின் ஃப்ரேம் ஓரத்துக்கு மட்டும் நியூட்ரல் வைக்கலாம். மங்களூர் ஓடு உடைந்திருந்தால் புது ஓடே போடுங்கள்.

எப்போது, எப்படி வைப்பது

நீலகிரியில் நல்ல காலம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்கு மழைதான் பெரிது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்கு மழையும் சோதனை. உங்கள் வீட்டில் சாரல் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்து ஜன்னலை முதலில் முடியுங்கள்.

காலைப் பனி ஈரம் காய்ந்த பிறகு, பத்து பதினொரு மணிக்கு மேல் வேலை தொடங்குவது நல்லது. 23 டிகிரியில் சிலிக்கான் ஒரு நாளைக்கு 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். 10 டிகிரியில் இன்னும் இழுக்கும். காற்றில் ஈரம் ஏராளமாக இருக்கிறதே என்றால், ஈரம் காற்றில் இருக்க வேண்டும், பரப்பில் இருக்கக் கூடாது. பழைய சிலிக்கானைப் பிளேடால் முழுக்க எடுக்காமல் மேலே புதிது வைத்தால் பெரும்பாலும் பிடிக்காது. பாசியையும் பெயிண்ட் பொருக்கையும் தேய்த்து எடுத்து, உலோகத்தையும் கண்ணாடியையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள்.

சந்து ஆழமாக இருந்தால் அதை டியூபாலேயே நிரப்புவது வீண். நுரைக் கயிறு மாதிரியான பேக்கர் ராட் ஒன்றை உள்ளே அமுக்கி, மேலே சீலன்ட் வைக்க வேண்டும். அகலம் 12 மி.மீ. என்றால் ஆழம் 6 மி.மீ. போதும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் சீலன்டுக்கு இழுபட இடமிருக்காது, நடுவில் கிழியும். இரண்டு பக்கம் மட்டும் ஒட்ட வைப்பதுதான் பேக்கர் ராடின் முக்கிய வேலை. ஜன்னல் ஃப்ரேமின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் சின்ன ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். அடைத்த ஜன்னல்தான் உள்ளே தண்ணீர் விடும்.

விலைக்குப் பயந்து நியூட்ரலை ஒதுக்குகிறவர்கள் அளவைப் பார்த்து முடிவு செய்யலாம். நாலுக்கு நாலு அடி ஜன்னலின் சுற்றளவு 16 அடி, அதாவது 5 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம் வைத்தால் 180 மில்லி பிடிக்கும். 280 மில்லி டியூப் ஒன்றில் ஒரு ஜன்னல் முடிந்து இன்னொன்றில் பாதி வரும். வாங்கும்போது டியூபின் அடியில் காலாவதித் தேதியைப் பார்த்துவிடுங்கள். தேதி தாண்டிய சரக்கு டியூபிலிருந்து வரும், ஆனால் இறுகாமல் பிசுபிசுவென்று அப்படியே கிடக்கும்.