தென்மாநில பிரன்ச்: கோழியை விட்டுவிட்டு பிஸ்கட்டைப் பாருங்கள்

அமெரிக்காவின் அட்லாண்டாவுக்கு வடக்கே, ஆல்ஃபரட்டா பக்கம் புதிதாகத் திறந்திருக்கும், அந்நாட்டுத் தென்மாநிலங்களின் சமையலைப் பரிமாறும் உணவகம். ஞாயிறு பிரன்ச், ஆறு பேர் மேசை. பெரியவர்கள் இருவர் முட்டைகூடத் தொடாத சைவம், மூவர் கோழியும் மீனும் சாப்பிடுகிறவர்கள், ஆறு வயதில் ஒரு குழந்தை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பிஸ்கட் அருமை, கிரிட்ஸ் என்ற மக்காச்சோளக் குருணைக் கஞ்சி அதைவிட அருமை, கோழி பாதிதான் தேறியது. மெனுவில் ‘வெஜிடபிள் பிளேட்’ என்று போட்டிருந்த தட்டில் நான்கு காய்களுக்கு இரண்டில் பன்றி இருந்தது. அடுப்படி பழகவே சில மாதம் ஆகும் என்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஜார்ஜியா, கரோலினா, டென்னசி என்று எங்கே இந்த மாதிரிக் கடைக்குக் குடும்பத்தோடு போனாலும் கீழே உள்ளது பயன்படும்.

பிஸ்கட் என்றால் இங்கே டீயில் தொட்டுக்கொள்ளும் பிஸ்கோத்து கிடையாது. உள்ளே ஏடு ஏடாகப் பிரியும், கையகலத்தில் உயரமாக எழும்பிய, உப்புச் சுவையுள்ள மெத்து ரொட்டி. ஒரு தென்மாநிலச் சமையலறை எப்படிப்பட்டது என்று தெரிய முதலில் இதைத்தான் வரவழைக்க வேண்டும். ஏனென்றால் இதை முன்கூட்டிச் செய்து வைத்துச் சமாளிக்க முடியாது. அடுப்பிலிருந்து இறங்கி இருபது நிமிடத்துக்குள் சாப்பிட்டால் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் வேறொன்று. மாவும் முக்கியம். தெற்கில் விளையும் மென்கோதுமையின் மாவில் புரதம் 8-9 சதவீதம்தான். சாதாரண ஆல் பர்ப்பஸ் மாவில் 10-12 வரை போகும். புரதம் கூடினால் பசைத்தன்மை கூடும், பிஸ்கட் பன் மாதிரி ஜவ்விழுக்கும். 1883-இல் டென்னசியின் நாக்ஸ்வில்லில் தொடங்கிய ஒயிட் லில்லி மாவுக்கு இன்றும் இங்கே தனி மரியாதை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கடையில் வந்தவை சரியாக இருந்தன. பக்கவாட்டில் ஏடுகள் தெரிந்தன, உச்சி நேராக எழும்பியிருந்தது. பிஸ்கட் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், வட்ட அச்சை மாவில் அழுத்திய பிறகு திருகியிருக்கிறார்கள் என்று பொருள். திருகினால் ஓரத்து ஏடுகள் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பக்கம் எழும்பாது. அச்சை நேராக இறக்கி நேராகத் தூக்க வேண்டும். தட்டில் ஒன்றையொன்று தொடும்படி அடுக்கி, 450 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் அகலத்தில் பரவாமல் உயரத்தில் வளரும். நாக்கில் லேசாக உலோக வாடை அடித்தால் அது பேக்கிங் பவுடரில் உள்ள அலுமினிய உப்பின் வேலை. வர்ஜீனியாவில் பிறந்த புகழ்பெற்ற சமையற்கலைஞர் எட்னா லூயிஸ் இதனாலேயே கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புத் தூள் இரண்டு பங்கு, சமையல் சோடா ஒரு பங்கு என்று தானே கலந்துகொள்வார். இங்கே அந்த வாடை இல்லை. நான்கு பிஸ்கட் 9 டாலர். விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் இரண்டாவது கூடைக்கும் தகும்.

சைவக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி: முறையான பட்டர்மில்க் பிஸ்கட்டில் முட்டை சேராது. மாவு, கொழுப்பு, மோர், உப்பு, சோடா, அவ்வளவுதான். கேட்க வேண்டியது அந்தக் கொழுப்பு என்ன என்பதை மட்டும். வெண்ணெயா, வனஸ்பதி மாதிரியான ஷார்ட்டனிங்கா, பன்றிக்கொழுப்பா? பழைய முறையில் பன்றிக்கொழுப்புதான். இங்கே வெண்ணெய் மட்டும் என்று சர்வர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னார். கேட்காமலேயே தலையாட்டும் சர்வரைவிட உள்ளே போய்க் கேட்டு வருகிறவரை நம்பலாம்.

கிரிட்ஸ். மக்காச்சோளத்தைக் குருணையாக உடைத்துக் கஞ்சிப் பதத்தில் கிளறியது. நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு வாய் வைத்ததும் ‘சோள ரவைக் களி’ என்றுதான் சொல்வார்கள். 2002-இல் ஜார்ஜியா இதை மாநிலத்தின் அதிகாரபூர்வச் சமைத்த உணவு என்றே அறிவித்துவிட்டது. கல் ஆலையில் அரைத்த குருணையில் முளைக்கரு தங்கியிருக்கும். சுவை அங்கேதான். எண்ணெய்ச் சத்து இருப்பதால் சீக்கிரம் காறிப்போவதும் அதனால்தான்; குளிர்பெட்டியில் வைக்காத கடையை அந்தக் காறல் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பங்கு குருணைக்கு நான்கு முதல் ஐந்து பங்கு தண்ணீர், உப்பு ஆரம்பத்திலேயே, சிறு தீயில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஐந்து நிமிடத்தில் முடிகிற ‘குயிக்’ கிரிட்ஸில் முளைக்கருவை எடுத்திருப்பார்கள், வாயில் வெறும் கூழ்தான் மிஞ்சும். தட்டில் கண்டுபிடிக்கும் வழி எளிது. நல்லதில் ஆங்காங்கே கரும்புள்ளி தெரியும், நாக்கில் குருணை உருளும், பல்லில் நறநறக்காது. நறநறத்தால் வேகவில்லை.

இங்கே கரும்புள்ளியும் இருந்தது, பதமும் இருந்தது. பத்தரை மணிக்கு வந்த கிண்ணம் கரண்டியிலிருந்து மெதுவாக வழிந்தது. பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து மேசைக்குப் போனது குவித்தால் அப்படியே நின்றது. ரவை உப்புமா ஆறினால் இறுகுவது மாதிரிதான் இதுவும்; சூடான தண்ணீரோ பாலோ விட்டு அவ்வப்போது தளர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டம் ஏறியதும் அதை மறந்துவிட்டார்கள். கெட்டியாக வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். இரண்டு நிமிடத்தில் சரியாகிற விஷயம் அது.

இறால் கிரிட்ஸ் 22 டாலர். தென் கரோலினாக் கடலோரத்து மீனவர்களின் காலைச் சாப்பாடாக இருந்ததை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் குரூக்ஸ் கார்னர் என்ற உணவகத்தை நடத்திய பில் நீல். 1985-இல் நியூயார்க் டைம்ஸ் அதைப் பற்றி எழுதிய பிறகு தெற்கில் இது இல்லாத பிரன்ச் மெனு அபூர்வம். அவருடைய முறையில் பேக்கன் (உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறி), காளான், வெங்காயத்தாள், எலுமிச்சை சேரும், அடியில் சீஸ் போட்ட கிரிட்ஸ். பன்றி வேண்டாதவர்கள் மேலே தூவும் பேக்கனை எடுத்துவிடச் சொன்னால் மட்டும் போதாது, இறாலை வதக்குவதே பேக்கன் உருகிய கொழுப்பில்தான். வெண்ணெயில் தனியாக வதக்கச் சொல்லுங்கள், செய்துதருகிறார்கள். இறால் இரண்டு மூன்று நிமிட வேலை. பிறை மாதிரி வளைந்தால் பதம், முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர். இங்கே பிறைதான்.

கோழியில்தான் ஏமாற்றம். நான்கு துண்டு 25 டாலர். பட்டர்மில்க்கில் ஓர் இரவு ஊறியது தெரிந்தது. உப்பு எலும்புவரை இறங்கியிருந்தது, நெஞ்சுக்கறி வறளவில்லை. ஆனால் தொடையின் தோல் கடித்ததும் ஒரே சட்டையாகக் கழன்று வந்துவிட்டது. மாவில் புரட்டியதும் நேராக எண்ணெயில் போட்டால் இப்படித்தான் ஆகும். புரட்டிய பிறகு 15-20 நிமிடம் கம்பித்தட்டில் வைத்தால் மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு தோலோடு ஒட்டும். அடிப்பக்கம் நமுத்தும் இருந்தது. பொரித்ததைக் காகிதத்தின்மேல் வைத்திருக்கிறார்கள், நீராவி போக வழியில்லை. எலும்போரம் சிவப்பு இருந்தால் பயந்துவிடாதீர்கள். இளங்கோழியின் மஜ்ஜை கசிந்தாலும் அந்த நிறம் வரும். உள்சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டிருந்தால் சாப்பிடலாம்; தொடைக்கு 175 வரை போனால்தான் நரம்பு இளகி ருசிக்கும். நாஷ்வில் ஹாட் சிக்கன் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே பூசும் அந்த மிளகாய்க் குழம்பைப் பழைய முறையில் பன்றிக்கொழுப்பில்தான் குழைப்பார்கள்.

இனி அந்த வெஜிடபிள் பிளேட். நம் குடும்பங்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். தெற்கில் ‘மீட் அண்ட் த்ரீ’ என்று ஒரு வழக்கம் உண்டு: ஒரு கறி, மூன்று பக்கத் தொட்டுகை. கறி வேண்டாம் என்றால் தொட்டுகைகள் மட்டும் நான்கு. அந்தத் தட்டுக்குத்தான் வெஜிடபிள் பிளேட் என்று பெயர். மக்ரோனி சீஸும் அங்கே ‘வெஜிடபிள்’ கணக்கில் வரும். பெயர் சைவத்தைக் குறிப்பதே இல்லை. கடைக்காரர் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம், அவர்கள் மொழியில் அது சரியான பெயர்.

கொலார்ட் கீரை முருங்கைக்கீரையைவிடத் தடிமன், முட்டைக்கோஸின் உறவு. மணிக்கணக்கில் வேகும். கூடவே புகையூட்டிய பன்றிக்காலின் கணு வேகும். காராமணியும் அப்படியே. கீரை வெந்த சாற்றுக்குப் ‘பாட்லிக்கர்’ என்று தனிப் பெயர், சோள ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். ‘பன்றி இருக்கிறதா?’ என்று கேட்டால் சில கடைகளில் ‘இல்லை’ என்று உண்மையான பதில் வரும், ஆனால் பன்றிக்குப் பதில் புகையூட்டிய வான்கோழி போட்டிருப்பார்கள். அதனால் இப்படிக் கேளுங்கள்: எந்த இறைச்சியாவது, இறைச்சிக் கொழுப்பாவது, இறைச்சி வெந்த தண்ணீராவது சேர்ந்திருக்கிறதா? இங்கே கீரைக்கும் காராமணிக்கும் ‘ஆம்’ என்றார்கள். இரண்டும் நம் நாக்குக்கு மிகப் பொருந்துகிற பண்டம் என்பதுதான் வருத்தம். பச்சை மிளகாய் ஊறிய வினிகர் பாட்டில் மேசையிலேயே இருக்கிறது. ஒரு பானையாவது இறைச்சியில்லாமல் வைத்தால் இந்தப் பகுதியில் இருக்கும் இந்தியக் குடும்பங்களே அதைக் காலி செய்துவிடும்.

வெண்டைக்காய் வறுவல் மக்காச்சோள மாவில் புரட்டியது, மொறுமொறுவென்று இழையில்லாமல் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு இந்த மண்ணுக்கு வந்த காய் இது. லூசியானாவின் கெட்டிக் குழம்பான ‘கம்போ’வின் பெயரே பாண்டு மொழிகளில் வெண்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் வெண்டையும் கோழியும் கெளுத்தி மீனும் ஒரே எண்ணெயில்தான் பொரிகின்றன. அது உங்களுக்குச் சரிவருமா என்று நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். சுட்ட மக்ரோனி சீஸில் முட்டை உண்டு. சோள ரொட்டியிலும் முட்டை உண்டு, இரும்புச் சட்டியில் பேக்கன் கொழுப்பு தடவிச் சுடுவதும் உண்டு. சர்க்கரைவள்ளிக் கிழங்கின்மேல் மார்ஷ்மெல்லோ இருந்தால் அதில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின். கடைசியில் பெரியவர்கள் இருவருக்கும் தேறியது: வெண்ணெய் பிஸ்கட், தண்ணீரிலும் பாலிலும் கிளறிய கிரிட்ஸ், மார்ஷ்மெல்லோ இல்லாத சர்க்கரைவள்ளி, உப்பும் மிளகும் தூவிய தக்காளி வில்லைகள். கிரிட்ஸைச் சில கடைகளில் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள், அதையும் கேட்டுவிடுங்கள். தட்டு 17 டாலர். வயிறு நிறைந்தது, ஆனால் அந்த விலைக்குக் குறைவுதான்.

குழந்தைக்கு வாஃபிள். கூட வரும் பாகில் மேப்பிளைத் தவிர்த்து சோர்கம் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்ச் சோளத்தின் இனிப்பு வகை அது. தட்டையைக் கரும்பு மாதிரி பிழிந்து காய்ச்சிய பாகு. வெல்லப்பாகும் லேசான புளிப்பும் கலந்த ருசி, பிஸ்கட்டுக்கும் பொருந்தும். காப்பியில் சிக்கரி கலந்தது இருக்கிறதா என்றும் பாருங்கள். நியூ ஆர்லியன்ஸ் வழக்கம், சூடான பாலோடு வரும். ஃபில்டர் காப்பிக்குப் பழகிய நாக்குக்கு அமெரிக்காவில் இதைவிடச் சொந்தமான கோப்பை கிடைப்பது கடினம். இங்கே 4 டாலர், நன்றாக இருந்தது. ஐஸ் போட்டுத் தரும் ஸ்வீட் டீயில், டீ சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துவிடுவார்கள், இனிப்பு மிக அதிகம். பாதிக்குப் பாதி இனிப்பில்லாத டீயைக் கலந்து தரச் சொல்லலாம், எல்லாக் கடையிலும் புரியும்.

நேரம்: பத்தரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். பதினொன்றரைக்கு மேல் தேவாலயம் முடிந்து வருகிறவர்களின் கூட்டம். மதுவோடு பிரன்ச் வேண்டுபவர்களும் அப்போதுதான் சேருகிறார்கள். 2018-இல் வந்த ஜார்ஜியாச் சட்டப்படி, ஒப்புதல் கொடுத்த ஊர்களில் ஞாயிறன்று பதினொரு மணியிலிருந்துதான் மது பரிமாறலாம். ஆறு பேருக்கு மேசையை முன்பதிவு செய்யும்போதே சைவம் எத்தனை பேர் என்று சொன்னால் சமையலறை விசாரிக்க நேரம் கிடைக்கும். பில் வந்ததும் கடைசி வரியைப் படியுங்கள். ஆறு பேருக்கு 20 சதவீத சேவைக் கட்டணத்தை இவர்களே சேர்த்துவிடுகிறார்கள், கீழே டிப்ஸுக்கு இன்னொரு காலியிடமும் இருக்கிறது. கவனிக்காவிட்டால் இரண்டு முறை கொடுத்துவிடுவீர்கள். எல்லாம் சேர்த்து 160 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது.

மிஞ்சிய கிரிட்ஸைப் பார்சல் கட்டச் சொல்லுங்கள். குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் பர்ஃபி மாதிரி இறுகிவிடும். விரற்கடை கனத்தில் வில்லை போட்டு, தோசைக்கல்லில் நெய் விட்டு இருபுறமும் சிவக்க எடுத்தால் மறுநாள் காலைக்கு இட்லி மிளகாய்ப்பொடியோடு சாப்பிடலாம்.