ஆடும் மீட்டர் முள்: கேபிளா, வார்மா, மீட்டரா?

செகண்ட் ஹேண்டில் ஸ்பிளெண்டர் பைக் பார்க்கப் போனால் எல்லோரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள், சைலன்சர் புகையைப் பார்க்கிறார்கள். மீட்டர் முள் ஆடினால் மட்டும் "அது சின்ன வேலை" என்று விற்பவர் சொல்வதோடு விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் சின்ன வேலைதான். ஆனால் எங்கே கோளாறு என்று பார்க்காமல் நேரே மீட்டரை மாற்றினால் காசு கரியாகும்.

கேபிள் வைத்த ஸ்பிளெண்டரில் முன்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் இருக்கும் வார்ம் என்ற திருகுப் பல்சக்கரம், கேபிளைச் சுழற்றுகிறது. கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் தொடாமலே அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள்வில் எங்கே தடுத்து நிறுத்துகிறதோ அங்கே முள் நிற்கும். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் ஓடோமீட்டர் அப்படியல்ல, பல்சக்கரத்தில் நேரடியாக ஓடுவது. பாதி பதில் இங்கேயே கிடைத்துவிடும். கிலோமீட்டர் ஒழுங்காக ஏறுகிறது, முள் மட்டும் தகராறு என்றால் மீட்டரைச் சந்தேகப்படலாம். இரண்டும் நின்றுவிட்டால் கோளாறு கீழே, கேபிளிலோ வார்மிலோ இருக்கவே வாய்ப்பு அதிகம். மெதுவாகப் போகும்போது முள் துடித்து, வேகம் எடுத்ததும் அடங்கினால் கேபிள் காய்ந்திருக்கும், அல்லது எங்கோ மடங்கியிருக்கும்.

உறுதி செய்ய, மீட்டருக்குக் கீழே இருக்கும் திருகு வளையத்தைக் கழற்றி கேபிளை வெளியே எடுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி, ஓடும் திசையில் கையால் சுற்றுங்கள். உள்கம்பியின் சதுர முனை சீராகச் சுழன்றால் கீழே எல்லாம் சரி. சுழலவில்லை என்றால் கம்பியை உருவிப் பாருங்கள். அறுந்திருந்தால் கேபிள், முழுசாக இருந்தால் வார்ம். பஞ்சர் போட்டுச் சக்கரத்தை மாட்டிய பிறகு மீட்டர் நின்றது என்றால் வார்மை வாங்கவே வேண்டாம், முதலில் சக்கரத்தை மறுபடி கழற்றுங்கள். ஹப்பும் வார்மும் கோக்கும் காது சரியாக உட்காராமல் போயிருக்கும், சில நேரம் வளைந்தே இருக்கும்.

பழைய கேபிளைத் துடைத்து கிரீஸ் போடுவதா, புதுசு வாங்குவதா? உள்கம்பியில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் புதுசுதான். பிரியவில்லை என்றால் கிரீஸ் போதும், ஆனால் மேல்பக்கம் கொஞ்ச நீளத்தை விட்டுவிட்டுப் பூசுங்கள். அதிகம் பூசினால் அது ஏறி மீட்டருக்குள் போய் முள்ளை ஒட்டவைத்துவிடும். புதுசு என்றால் கம்பெனி கேபிளே வாங்குங்கள். மலிவு கேபிளுக்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. மலிவில் உள்கம்பி ஒரு நூல் நீளம் குறைந்தாலும் மீட்டருக்குள் பிடிக்காது. எதை வாங்கினாலும் ஃபோர்க் ஓரமாக இருக்கும் கிளிப் வழியாகவே, கூர்மையான வளைவு இல்லாமல் கொண்டு போங்கள். இதைக் கவனிக்காமல் மாட்டினால் நல்ல கேபிளும் சீக்கிரம் அறுந்துவிடும்.

மீட்டரேதான் கோளாறு என்றால் மூன்று வழி: ரிப்பேர், பழைய மீட்டர், புதிய மீட்டர். காந்தம் வலுவிழந்தால் முள் குறைவாகக் காட்டும், சுருள்வில் தளர்ந்தால் அதிகமாகக் காட்டும். இதையெல்லாம் சரிபார்த்து முள்ளைத் திருத்தித் தரும் மீட்டர் ரிப்பேர் கடை ஊரில் இருந்தால், என் ஓட்டு அதற்குத்தான். ஓடோமீட்டர் கணக்கும் மாறாது. கண்ணாடி ஓரத்தை மட்டும் நன்றாக அடைக்கச் சொல்லுங்கள், மழைநீர் இறங்கும். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டையில் பழைய மீட்டர் கிடைக்கும். அதே மாடல்தானா என்று பார்க்க வேண்டும், வேறு மாடலாக இருந்தால் வேகமும் கிலோமீட்டரும் தப்பாகக் காட்டலாம். புதிய மீட்டர் நிம்மதி, ஆனால் செலவு அதிகம், கிலோமீட்டர் பூஜ்ஜியத்தில் தொடங்கும்.

போனில் ஜிபிஎஸ் இருக்கிறதே, மீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அளந்து பார்க்க ஜிபிஎஸ் அருமை. நேரான சாலையில் ஒரே வேகத்தில் போனால் மீட்டரை அதோடு ஒப்பிடலாம். மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது சகஜம், குறைவாகக் காட்டினால்தான் ஆபத்து. நிரந்தர மாற்றாக மட்டும் வேண்டாம். வேகம் மாறும்போது பின்தங்கும், பாலத்துக்கு அடியில் சிக்னல் தடுமாறும், மழையில் நனையும். அதிக சக்தியுள்ள பைக் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறது. விதிப்படியும் வண்டியில் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும். போன் இல்லாவிட்டாலும் சோதிக்கலாம்: மணிக்கு 40-ல் நிலையாக ஓட்டினால் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 90 விநாடி, 60 என்றால் 60 விநாடி. பின்னால் உட்கார்ந்திருப்பவர் நேரம் பார்க்கட்டும்.

வாங்கும்போதே மீட்டர் ஓடாமல் இருந்தால், அதில் தெரியும் கிலோமீட்டரை வைத்து விலை பேசாதீர்கள். கேபிள் அறுந்த பிறகு எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. சரிசெய்த பிறகு அன்றைய ரீடிங்கையும் தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, ஆயிலை மாற்றிவிட்டு, அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள். மீட்டரையே மாற்றியிருந்தால் பழைய ரீடிங்கையும் பக்கத்தில் எழுதுங்கள். பிற்பாடு வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் காட்ட வேண்டியிருக்கும்.