வெந்நீருக்கு எந்தக் கருவி: நான்கு வழிகளின் ஒப்பீடு

வீட்டில் மின்சாரத்தைச் சேமிக்க நினைப்பவர்களின் கண் முதலில் விளக்குகளின் மீதுதான் விழுகிறது. ஆனால் 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 1 யூனிட் மின்சாரம் தேவை. அதே 1 யூனிட்டில் 9 வாட் எல்இடி விளக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் எரியும். ஆகவே வெந்நீருக்கான கருவியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனம் வேறெதையும்விட அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

தொட்டியுள்ள கீசரையும் உடனடிக் கீசரையும் ஒப்பிடுபவர்கள் எது திறன் மிக்கது என்றே கேட்கிறார்கள். இரண்டிலும் சூடாக்குவது மின்கம்பிச் சுருள்தான். அது உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதுமாக வெப்பமாகிவிடுவதால், அந்த அளவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. சூடான நீர் பயன்படுவதற்கு முன் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. தொட்டிக் கீசரை நாள் முழுவதும் போட்டு வைத்தால், சுவர் வழியே கசியும் வெப்பத்தை ஈடுசெய்ய அது அவ்வப்போது மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். அணைத்துவிட்டு மீண்டும் சூடாக்குவதைவிடத் தொடர்ந்து போட்டு வைப்பதே சிக்கனம் என்று பலர் நம்புவது தவறு. நீர் சூடாக இருக்கும் நேரம் முழுவதும் கசிவும் இருக்கும், எனவே குளிப்பதற்குச் சற்று முன் போடுவதே சிக்கனம். அதற்காகத் தொட்டி நீரை நாள்கணக்கில் வெதுவெதுப்பாகவே விட்டுவைக்கக் கூடாது, ஏனெனில் 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி பெருகும்; தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைத்து, குளிக்கும்போது குளிர்ந்த நீரைக் கலந்துகொள்வது பாதுகாப்பானது.

உடனடிக் கீசரில் தேங்கும் நீர் மிகக் குறைவென்பதால் கசிவும் பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் 3 கிலோவாட் கருவி நிமிடத்துக்குச் சுமார் 1.7 லிட்டர் நீரை மட்டுமே 25 டிகிரி உயர்த்தித் தரும். சமையலறைத் தொட்டிக்கும் ஒருவர் வாளியில் குளிப்பதற்கும் அது போதும். குளிர் மிகுந்த இடத்தில் ஷவருக்குப் போதாது.

மேற்கண்ட இரண்டையும் மிஞ்சுவது ஹீட் பம்ப். அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, குளிர்பதனப் பெட்டியின் வேலையைத் தலைகீழாகச் செய்து, சுற்றியுள்ள காற்றிலிருக்கும் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்துகிறது. காற்று மிதமான சூட்டில் இருக்கையில் 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 3 யூனிட் வெப்பம் கிடைக்கும், அதாவது முன்சொன்ன 25 லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு மின்சாரமே போதும். ஆனால் வாங்கும் விலை அதிகம், சூடாக்க நேரமும் கூடுதலாக எடுக்கும். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் வைத்தால் அறையே குளிர்ந்து, கருவியின் திறன் சரிந்துவிடும். நான்கைந்து பேர் தினமும் வெந்நீரில் குளிக்கும் வீட்டுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

சூரிய வெந்நீர்க் கருவிக்கு எரிபொருள் செலவே இல்லை. கூரை இடத்தைக் கணக்கிட்டாலும், விழும் வெயிலில் சூரிய மின்தகடு சுமார் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகையில், வெப்பச் சேகரிப்பி ஏறத்தாழ பாதியை வெப்பமாக்கிவிடுகிறது. ஆனால் மேகமூட்டமான நாட்களில் துணைச் சுருளை நம்பியே இருக்க வேண்டும், அந்தச் சுருளை அணைக்க மறந்தால் சேமிப்பெல்லாம் கரைந்துவிடும். கூரையிலிருந்து குளியலறை வரை நீளும் குழாயும் ஒரு சிக்கல்: 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயின் 10 மீட்டரில் ஏறத்தாழ 1.8 லிட்டர் நீர் நிற்கிறது, ஒவ்வொரு முறையும் அது ஆறிப்போய் முதலில் வழிந்தோடும். குழாய்க்கு வெப்பக்காப்பு உறை போடாமல் இக்கருவியைப் பொருத்துவது அரைகுறை வேலை. கடின நீர் வரும் வீடாக இருந்தால் சுண்ணாம்புப் படிவு எந்தக் கருவியையும் மந்தமாக்கும் என்பதால், ஆண்டுதோறும் சுத்தம் செய்வதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எந்தக் கருவியை வாங்கினாலும் குளிக்கும் முறை கணக்கை மாற்றிவிடும். 25 டிகிரி நீரை 40 டிகிரியாக்கி 20 லிட்டர் வாளியில் குளித்தால் செல்லும் வெப்பம் 0.35 யூனிட், அதே சூட்டில் நிமிடத்துக்கு 8 லிட்டர் பாயும் ஷவரின் கீழ் 8 நிமிடம் நின்றால் 1.1 யூனிட். ஷவர் தலையை நிமிடத்துக்கு 5 லிட்டர் விடுவதாக மாற்றினால் அது ஏறத்தாழ 0.7 யூனிட்டாகக் குறையும், இதற்குப் புதிய கீசர் எதுவும் தேவையில்லை.